முக்கோணம்

ஏப்ரலில் வந்த தாளில் இருந்தது:
பென்சில் ஐந்து, இரண்டு பி, வீட்டிலேயே சீவியது.
பொம்மைப் படம் போட்டது வேண்டாம்.
சிவப்புப் பென்சில் ஒன்று.
கைக்குட்டை தினமும்.
வெள்ளிக்கிழமை உள்செருப்பு வீட்டுக்கு வரும்,
திங்கட்கிழமை வெளுத்துப் போக வேண்டும்.
எல்லாவற்றிலும் பெயர்.

எல்லாவற்றிலும் என்றால் எல்லாவற்றிலும்தான்.
கணக்குப் பெட்டியின் எண்ணும் குச்சிகள்,
நகமளவு வில்லைகள்,
அட்டைக் கடிகாரத்தின் பெரிய முள், சின்ன முள்.
கணவாய் அறுத்து அறுத்துத் தடித்த விரலால்
இகுமா இகுமா இகுமா என்று
இரண்டு இரவு ஒட்டினேன்.
பெயர் வைத்த நாளில்கூட
அத்தனை தடவை சொன்னதில்லை.

பிறகு வந்தது வாசிப்பு அட்டை.
பாடத்தைத் தினமும் உரக்க வாசிக்க வேண்டும்,
வீட்டில் ஒருவர் கேட்க வேண்டும்.
சத்தம், நிறுத்தம், உணர்ச்சி.
மிக நன்று என்றால் இரட்டை வட்டம்,
நன்று என்றால் வட்டம்,
இன்னும் முயல வேண்டும் என்றால் முக்கோணம்.
கடைசிக் கட்டத்தில் கேட்டவரின் முத்திரை.

கேட்பவள் நான்.
ஹச்சினோஹே துறைமுகத்துக்குப் படகு வருவது
இருட்டில், மூன்று மணிக்கு.
நாலுக்கு நான் ஆலையில் நிற்க வேண்டும்.
மாலை ஆறுக்கு, சோறு வேகும்போது,
முதுகை நிமிர்த்தி, புத்தகத்தை இரு கையாலும் பிடித்து
அவன் தொடங்குவான்
குடையைத் தொலைத்த முயலின் கதையை.
முதல் வரி: முயல் வீட்டைவிட்டுக் கிளம்புகிறது.
இரண்டாம் வரி: மழை.
மூன்றாம் வரி எனக்குத் தெரியாது.
ஜூன் முழுக்க அந்த முயல்
நனைந்துகொண்டே இருந்தது.

காலையில் அட்டையில் முத்திரை மட்டும் இருக்கும்,
ஹதகேயாமா என்ற எங்கள் குடும்பப் பெயர், தலைகீழாக.
இழுப்பறையிலிருந்து அவனே எடுத்து
அவனே குத்தியது.

ஒரு ஞாயிறு, உள்செருப்பைத் தேய்த்துக் காயவைத்த பிறகு
அட்டையை மேலிருந்து கீழாகப் பார்த்தேன்.
மதிப்பெண்ணும் அவன் போட்டதுதான்.
நிறுத்தம், இரட்டை வட்டம்.
உணர்ச்சி, இரட்டை வட்டம். கொஞ்சம் தாராளம்.
சத்தம், முக்கோணம்.
அதன் கீழும் முக்கோணம், அதன் கீழும்.
இருபத்திரண்டு நாள், ரம்பத்தின் பல் மாதிரி.
ஓரத்தில் டீச்சரின் சிவப்பு மை:
'இன்னும் கொஞ்சம் உரக்க, இகுமா!'
அதற்கடியில் என் பிள்ளையின் பதில்,
கட்டத்தைத் தாண்டி இறங்கும் எழுத்தில்:
'அம்மா எழுந்துடுவாங்க.'

வெளுத்த செருப்பை எடுத்து
மறுபடியும் தேய்த்தேன்.

ஜூலையில் பெற்றோர் வகுப்பைப் பார்க்கும் நாள்.
பின்சுவரை ஒட்டி அம்மாக்கள், இரண்டே அப்பாக்கள்,
எல்லார் காலிலும் பள்ளியின் பழுப்புச் செருப்பு.
எலுமிச்சை தேய்த்து மூன்று முறை கழுவியும்
என் கை கடலாகவே இருந்தது.
அவன் மேசையில் ஐந்து பென்சிலும்
பெயர் மேலே தெரியும்படி.
'இகுமா, நீ வாசி' என்றார் கனெஹிரா டீச்சர்.
எழுந்தான். நாற்காலியை உள்ளே தள்ளினான்.
முயல் கிளம்பியது,
யாருக்கும் கேட்காமல்.
'கடைசி வரிசைக்குக் கேட்கலையே.'
எங்கோ ஒரு சிரிப்பு, உடனே அடங்கியது.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.
என் முகத்தைக்கூட இல்லை, இமையை.
நான் கண்ணை விரித்தேன்
கணவாய்க்கு இருக்குமே, அத்தனை பெரிதாக.
முழிச்சிருக்கேன்டா.

அப்போது பெய்தது பாருங்கள் மழை,
வகுப்புக்குள்ளே, ஜன்னல் கண்ணாடி அதிர.
காற்புள்ளி முற்றுப்புள்ளி எதையும் மதிக்காமல்
கடைசி வரிவரை ஒரே மூச்சு.
நிறுத்தத்துக்கு அன்று முக்கோணம்.
குடை கிடைத்த இடமும் எனக்கு அன்றுதான் தெரியும்:
முயலின் முதுகிலேயே இருந்திருக்கிறது.

மாலை சோறு வேகும்போது
நின்றபடியே கேட்கிறேன் என்றேன்.
கேட்டேன்,
சுவரில் சாய்ந்து, ஐந்தாம் வரிவரை.
முத்திரை இன்னும் தலைகீழ்தான்.