கடைசி டிராமின் கண்ணாடி

வூச் என்றால் அவர்கள் மொழியில் படகு.
படகு மிதக்க அங்கே ஆறு கண்ணில் படாது;
ஆலைகள் எழுந்த காலத்தில்
ஆறுகளை மண்ணுக்கடியில் விட்டு
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
அந்தத் தெருக்களில்
இருபத்தாறு வருஷமாக டிராம் ஓட்டுகிறாள் போஷேனா.

பெரிய வாரத்துப் புதன்.
கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிட ஓய்வு.
நேரத்தாளின் பின்புறம்
ஆன்ம சோதனை எழுத உட்காருகிறாள்.
பென்சில் தானாக ஓடுகிறது:
கோபம்.
வெள்ளியன்று இறைச்சி, அதுவும் பாதித் துண்டு.
ஞாயிறு பூசை இரண்டு தவறியது, வேலை காரணம்.
தங்கையைப் பற்றி அண்ணியிடம்.
பதின்மூன்று வயதிலிருந்து இதே தடம், இதே நிறுத்தங்கள்.
கிறிஸ்துமஸுக்கு முன் இதைச் சொன்னபோது
பலகைக்குப் பின்னால் குருவானவர் கொட்டாவியை அடக்கியது
அவளுக்குக் கேட்டது.
வண்டி ஓடியது.
யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை.

மிச்சம் நான்கு நிமிடம்.
அவள் ஜனவரிக்குப் போகவில்லை,
ஜனவரிதான் வந்தது.

மைனஸ் பதினொன்று. இரவின் கடைசி வண்டி.
பக்கக் கண்ணாடியில் ஒரு மனிதர் ஓடி வருகிறார்,
ஒரு கை மேலே, ஒரு கையில் ரொட்டிப்பை.
முகம் தெரிகிறது: மூன்றாம் மாடி கொஷோரெக்.
மாடிப்படியடியில் சைக்கிளை வைத்து வழி மறிக்கிறாள் என்று
குடியிருப்புக் குழுவுக்கு இரண்டு முறை எழுதிப் போட்டவர்.
பொத்தானின் மேல் அவள் விரல்.

எழுதுகிறாள்:
நேரமாகிவிட்டதால் ஒருவரை ஏற்றாமல் போனேன்.
வாசித்துப் பார்க்கிறாள். நல்ல வாக்கியம்.
மேற்பார்வையாளரிடம் நீட்டினால் கையெழுத்தே போடுவார்.
ஆனால் அன்று இரவு
அவள் ஐம்பது விநாடி முந்தி இருந்தாள்.

'நேரமாகிவிட்டதால்' மேல் ஒரு கோடு.
'ஒருவரை' மேல் இன்னொன்று.
பிறர் பெயரைக் கூண்டுக்குள் சொல்லத் தேவையில்லை
என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறாள்;
தனக்குள்ளாவது சொல்லத் தேவை இருந்தது.
'ஏற்றாமல் போனேன்':
போனது வண்டி. விரல் யாருடையது?
அதையும் அடித்தாள்.
கடைசியில் தாளில் நின்றவை மூன்றே சொல்.
பார்த்தேன். மூடினேன்.
இனித்தது.

மூன்றாவதை எழுதியபோது பென்சில் முனை ஒடிந்தது.

மனஸ்தாபம் கண்ணீராக வரும் என்று நினைத்திருந்தாள்.
வயிற்றில் வந்தது,
திடீரென்று பிரேக் பிடித்தால்
நிற்பவர்கள் எல்லாரும் முன்னால் சாய்வார்களே, அப்படி.

மாலை, கோவிலில் வரிசை நாலாம் தூண்வரை.
நனைந்த கம்பளி வாசனை, யாரோ இருமுகிறார்கள்.
அரை மணி நேரம் ஒரு முதுகையே பார்த்து நகர்ந்தவள்
முதுகு திரும்பியபோதுதான் ஆளைப் பார்த்தாள்.
"நீங்கள் முன்னால் போங்கள்,
இரவு வண்டி எடுக்க வேண்டுமே," என்றார் கொஷோரெக்.
ஒதுங்கி வழி விட்டார். வலது கால் கொஞ்சம் இழுத்தது.
ஜனவரிக்கு முன்பே இழுத்ததா?
ஒரே படியில் பதினான்கு வருஷம் ஏறி இறங்கியும்
அவளுக்குத் தெரியவில்லை.

"ஜனவரியில், அந்தக் கடைசி வண்டி..."
"தெரியும்," என்றார்.
"நீங்கள் பார்த்ததை நான் பார்த்தேன்."
கோபமாகச் சொல்லவில்லை.
மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை.
அடுத்த நிறுத்தத்தின் பெயரை அறிவிப்பதுபோல் சொன்னார்.

"உங்கள் முறை," என்றாள். "நான் நிற்கிறேன்."

அவர் முழந்தாளிட, மரம் முனகியது.
காதில் விழாத தூரத்துக்கு அவள் பின்வாங்கினாள்.
தாளில் இன்னும் ஒன்று சேர்க்க இருந்தது:
சைக்கிள். அது இப்போதும் அங்கேதான் நிற்கிறது.
பென்சிலுக்கு முனை இல்லை.
நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்,
உள்ளிருந்து குருவானவர்
பலகையை இரண்டு முறை தட்டும்வரை.