முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம்

முதுநகர் ஜெட்டியில் பார்ஜ் இன்னும் இன்ஜின் போடவில்லை.
தகர மேசையில் புகைமானி,
படிவம் மூன்று நகல்,
பறக்காமலிருக்க மேலே ஒரு நட்டு.

முதல் கேள்வி:
கடற்கலமா, உள்நாட்டு நீர்வழிக் கலமா.
ஒன்றில்தான் டிக் அடிக்கலாம்.

ஸ்ராங்கு தேசிங்கைக் கேட்டேன்.
"காலையில உப்பனாறு, பத்து மணிக்குக் கடலு,
சோத்துக்கு மறுபடி ஆறு.
நீங்களே பாத்துப் போட்டுக்குங்க மேடம்."

ஆறு எங்கே முடிகிறது?
கையை நீட்டினார். நீட்டிய கை
கொஞ்சம் வடக்கே நகர்ந்தது.
"போன ஐப்பசி வரைக்கும் அங்க.
மழைக்கப்புறம் மணல்மேடு இங்க வந்துடுச்சி."

வெளியே நங்கூரத்தில் கப்பல்,
வானத்தை யாரோ மூடிவிட்டுப் போட்ட
துருப்பிடித்த தாழ்ப்பாள்.
அதன் எண்ணெயில் நூற்றுக்கு அரைப் பங்கு
கந்தகம் செல்லும்.
தேசிங்கு கேனில் பிடித்துவரும் பங்க் டீசலில்
பத்து லட்சத்துக்குப் பத்து.
படிவத்தின் ஓரத்திலேயே வகுத்தேன்.
ஐந்நூறு மடங்கு.
சைபர் கூடிவிட்டதோ என்று
இன்னொரு முறை வகுத்தேன்.

நைட்ரஜன் கணக்கு வேறு.
நிதானமாகச் சுற்றும் பெரிய இன்ஜின்
கூடுதலாக விட்டுக்கொள்ளலாம்,
பரபரவென்று சுற்றுகிற சின்னதுக்குத்தான் கெடுபிடி.
எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான்.

கடல் பெரிசு, தாங்கும் என்று
யாரோ நினைத்திருக்க வேண்டும்.
ஆற்றோரம் என்றால் ஆள் குடியிருப்பார்கள்,
கடலுக்கு ஏது ஜன்னல் என்று.
சோனாங்குப்பத்தில் போய் நின்று பார்த்தால் தெரியும்
எத்தனை ஜன்னல் கிழக்கே பார்க்கிறதென்று.
கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டைகளையும்
சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்.

பதினொன்றரைக்குக் கொண்டல் எழுந்தது.
வடிதாளை மேசையில் எடுத்துவைத்துவிட்டு
மோர் குடிக்கப் போனேன்.
திரும்பி வந்தால்
தாளின் ஓரத்தில் சாம்பல் பூத்திருக்கிறது,
விரல் வைத்தால் இழுபடுகிற கரி.

"நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல மேடம்"
இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறார் தேசிங்கு,
பிடிபட்டவர் மாதிரி.

தெரியும் என்றேன்.
அந்தத் தாளைக் கோப்பில் சேர்க்க முடியாது,
அதற்குக் கலத்தின் பெயர் வேண்டும்,
பதிவெண் வேண்டும்,
உரிமையாளர் கையெழுத்து வேண்டும்.
மடித்து டிபன்பைக்குள் வைத்துக்கொண்டு
புதுத் தாள் செருகினேன்.

"இப்பப் போடுங்க."

இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது பார்ஜ்.
மேசை அதிர்கிறது.
நட்டு மெல்ல நகர்ந்துபோய்
கடல், ஆறு இரண்டு கட்டத்தையும் மறைத்து
உட்கார்ந்துகொள்கிறது.