மூன்றாம் வரிசை

விடிவதற்குள் பிளாஸ்டிக் கூரைக்கு வியர்த்துவிடும்.
ஒவ்வொரு சொட்டும்
ஒரு தக்காளிக் காம்பைக் குறிபார்த்து விழும்.
அங்கேதான் அது குடியேறும்,
எலிமயிர் போல, ஊதினால் பறக்கிற
சாம்பல் பூஞ்சை.

அகாதிருக்குத் தெற்கே, கடல்காற்று எட்டும் தொலைவில்
இந்தக் கூடாரத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள் தூதா.
பழைய மருந்து இப்போது பலிப்பதில்லை.
பலித்தாலும், மருந்தின் பெயரைக் கேட்டதுமே
லாரியைத் திருப்பிவிடுகிறான் வாங்க வந்தவன்.

அட்லஸ் மலையிலிருந்து நாத்தனார் இஜ்ஜா
தைம் எண்ணெய் கொடுத்தனுப்பினாள்.
ஒரு மூட்டைத் தழைக்கு
ஒரு இருமல் மருந்துக் குப்பி.

முதல் வரிசையில் ஆத்திரத்தோடு அடித்தாள்.
பூஞ்சை செத்தது. இலையும் கருகியது,
இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த மாதிரி.
இரண்டாம் வரிசையில் பயந்து பயந்து அடித்தாள்.
பூஞ்சைக்கு அது வெறும் குளியல்.

மூன்றாவதற்கு
லிட்டருக்கு எத்தனை சொட்டு என்று
மகன் மோஹாவின் கணக்கு நோட்டில்
எழுதி, அடித்து, எழுதி,
எண்ணெயும் தண்ணீரும் சண்டை போடாதிருக்க
சோப்பைக் கரைத்துக் குலுக்கி,
வெயில் சாய்ந்தபின் தெளித்தாள்.

எட்டு நாள்.
சாம்பல் போகவில்லை. பரவவும் இல்லை.
கதவு திறக்காத வீட்டு வாசலில் கடன்காரன் போல
பழைய காம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது.

பறிக்க வந்த பெண்கள்தான் புகார் சொன்னார்கள்:
"உள்ளே நுழைந்தாலே பசிக்கிறது, தூதா.
பத்து மணிக்கே ரொட்டி தீர்ந்துபோகிறது."

அவள் சிரிக்கவில்லை.
நாலாம் வரிசைக்கு மிச்சம் இருக்கிறதா என்று
குப்பியை வெளிச்சத்துக்கு எதிரே
சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.