ஏழு பல்

ராத்திரி இரண்டரைக்கும் காலை ஆறுக்கும் நடுவில்
எங்கள் கன்சில் ஒரு முழம் நகர்ந்திருக்கிறது.
ஆள் யாரும் பார்க்கவில்லை.
கீழ்வீட்டு மேடம் கூ வைத்திருக்கும்
சிவப்புத் தகர டத்தோ கோயிலின்
ஊதுவத்திக் கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டு
பின் பம்பர் நின்றது,
வேண்டுதல் சொல்ல வந்த மாதிரி.

"டத்தோதான் பிடிச்சு நிறுத்தினார்" என்றார் மலாயில்.
"வெற்றிலை வாங்கி வை."

நான் லிப்ட் பார்ப்பவன்.
ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் பாரு வரை
நாற்பத்தொரு கட்டடங்கள்.
பெட்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறது என்று
மாதம் ஒருமுறை கையெழுத்துப் போடுகிறேன்.
நேற்றும் பதினாலாம் மாடியில் மாட்டிய ஒருவரை
இறக்கிவிட்டுத்தான் வந்தேன்.
வந்த களைப்பில் கியரில் போட மறந்தேன்.
பாயா தெருபோங் சரிவில் என் கார்
ஆறு மாதமாக ஒரு செங்கல்லின் தயவில் நின்றது.
அந்தச் செங்கல்லை யாரோ
கல்யாணக் கூடாரத்துக்கு முட்டுக்கொடுக்க
எடுத்துப் போய்விட்டார்கள்.

இன்னொரு கையெழுத்தும் உண்டு.
தம்பி லாரி வாங்கிய கடனுக்கு
லோகநாயகி ஜாமீன் போட்டது.
எனக்குக் கடிதம் வந்து தெரிந்தது.
மூன்று நாளாகிறது.
வீட்டில் வாய் திறப்பது குக்கர் மட்டும்.

சமதளம் தேடிக் குப்பைத்தொட்டிப் பக்கம் தள்ளினேன்.
முன் சக்கரங்களுக்குக் கட்டை,
பின்னால் ஜாக்கி, ஸ்டாண்டு.
ஹேண்ட்பிரேக் மூடியைக் கழற்றினால்
இருபது சென் காசு இரண்டு,
கல்லாகிப்போன முறுக்குத் துண்டு,
ஒரு தோட்டின் திருகு.
திருகைத் துடைத்து டேஷ்போர்டில் வைத்தேன்.

லீவரை இழுக்க ஓர் ஆள்,
சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க ஓர் ஆள்.
எனக்கு இருப்பது ஓர் உடம்பு.
மூன்று முறை ஓடி ஓடிப் பார்த்தேன்.

குப்பை கொட்ட இறங்கி வந்தவள்
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பையைக் கீழே வைத்தாள்.
வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

டக். டக். டக்.

"எத்தனை?" என்று சக்கரத்தைக் கேட்டேன்.
"பதினொண்ணு."

இடது கதவு வழியாகக் கைவிட்டு
பத்தாம் நம்பர் ஸ்பானரில் அரைச் சுற்று.
"ஒம்பது."
இன்னும் ஒரு சுற்று.
"நாலு."
கீழே இறக்கச் சொன்னேன். இறக்கினாள்.
சக்கரம் சுற்றவில்லை.
உள்ளே ஷூ டிரம்மை விடாமல் உரசியது.

"ரொம்ப இறுக்கிட்டீங்க."

காரைத்தான் சொன்னாள்.

தளர்த்தினேன்.
"எட்டு."
பொறு, ஒரு கால் சுற்று.
"ஏழு."
ஏழில் சக்கரம் அசையவில்லை.
இறக்கினால் விரல்நுனிக்கே சுழன்றது,
சத்தம் இல்லாமல், நெடுநேரம்.
பூட்டு நட்டை இறுக்கினேன்.
சட்டையில் கிரீஸ். அவள் பார்த்தாள், சொல்லவில்லை.

சரிவுக்கு அவளே ஓட்டினாள்.
பாதியில் நிறுத்தி
ஏழு பல் இழுத்து, நியூட்ரலில் விட்டு,
செருப்பை உதறி
இரண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கிக்கொண்டாள்.

கார் ஒரு நூல் இறங்கியது.
நின்றது.

கண்ணாடியில் டத்தோ கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அது பெரிதாகவில்லை.
அதன் முன்னால் மூன்று வெற்றிலை,
காம்பு கிள்ளியவை.
மேடம் கூ காம்பு கிள்ளுவதில்லை.

"மாசம் எவ்வளவு?" என்றேன்.

"தொள்ளாயிரத்து நாப்பது. அவன் கட்டிருவான்."

"கட்டலைன்னா?"

லீவரின் மேல் கை வைத்தாள்.
இழுக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.
மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
டேஷ்போர்டிலிருந்த திருகை எடுத்து
முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"குப்பைப் பையை அங்கேயே வச்சிட்டேன்,
நாய் இழுத்துரும்" என்று
கதவைத் திறந்து இறங்கினாள்.

எந்தப் பெடலிலும் கால் இல்லாத காரில்
நான் மட்டும் மழை வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.