இருபத்தொன்பது சென்டிமீட்டர்

திபிலீசி. க்ல்தானிக் குடியிருப்பு. எட்டாவது மாடி.
உண்டியலில் காசு போட்டால்தான் லிஃப்ட் ஏறும்.
மக்வாலா போடுவதில்லை.
படியேறியே சேர்த்த பணம் இது என்கிறாள்.
கணக்குப் பார்த்தால்
மூன்று மாதத்துக்குப் பதினோரு லாரி தேறும்.

லாரி என்பது அந்த ஊரில் பணத்தின் பெயர்.
சக்கரம் கிடையாது,
ஆனாலும் நிற்காமல் போய்விடும்.

பகலெல்லாம் அவளுக்குப் பல்.
முகம் தெரியாத வாய்களின் அச்சில் மெழுகு ஊற்றி
கடைவாய்ப் பள்ளங்களைக் கம்பியால் கீறி
யாரோ கடிக்கப்போகும் பீங்கானுக்குப்
பதினாறு வெள்ளையில் ஒரு வெள்ளையைத்
தயங்காமல் எடுப்பவள்.
இரண்டு கிராஃபிக்ஸ் கார்டில் ஒன்றை எடுக்க முடியவில்லை.

கோச்சா பச்சைக் கட்சி.
தங்கையின் கணவன். ஓட்டுக் கேட்டு வீட்டுக்கே வருவான்.
'மழை நின்ற தெருவில் விளக்கு விழும் பார்,
குட்டையில் அதே விளக்கு தலைகீழாக நடுங்கும்.
அதைச் சிவப்பில் தேடாதே.'

ரயிலடிக் கடை அன்சோர் சிவப்புக் கட்சி.
'குட்டை பார்க்கவா காசு கொடுக்கிறாய்?
அதே விலை, இரண்டு மடங்கு மெமரி.
நாலு வருஷம் கழித்தும் மூச்சு வாங்காது'
என்று கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவான்.

மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது,
கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில்.
கண்ணுக்குத் தெரியாத நாணயம் தோண்டும் கொட்டகையில்
இரண்டு வருஷம் இமைகொட்டாமல் உழைத்தது.
பாதி விலை. விசிறியைச் சுண்டினால்
இருமியது.
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.
பிறகு, ஏனோ கூச்சத்தோடு, கீழே வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அளந்தாள்.
பல்லின் கனம் பார்க்கும் காலிப்பர் எட்டவில்லை,
தையல் டேப் எடுத்தாள்.
பெட்டிக்குள் இருபத்தொன்பது.
பச்சை முப்பத்தொன்று. சிவப்பு இருபத்தேழு.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்றால்
பேச்சே அங்கு முடிந்தது.
மின்சாரம் மட்டும் பச்சைக்குப் பரிந்து பேசியது:
சிவப்பு யானை, கட்டிவைத்தால்
தீனி போட்டு மாளாது.

வேகம், விலை, சூடு, வாட்
எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டினாள்.
சிவப்பு ஜெயித்தது.
மறுபடி கூட்டினாள். மறுபடி சிவப்பு.
தாளைத் திருப்பிப்போட்டு
ஒரு குட்டை வரைந்தாள்.

சனிக்கிழமை
அன்சோரின் முகம் பார்க்காமல்
பச்சைப் பெட்டியைச் சுட்டினாள்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை. ரசீதைக் கொஞ்சம்
அழுத்தி எழுதினான். அவ்வளவுதான்.

இரண்டு சென்டிமீட்டர்.
பழைய ஹார்டு டிஸ்குகளைத் தாங்கும் தகரக் கூண்டு குறுக்கே.
லேப்பிலிருந்து சொல்லாமல் எடுத்துவந்த
பல் அறுக்கும் சக்கரம், மூக்கில் மாஸ்க்,
சமையல் மேசைமேல் குடல் திறந்து கிடக்கும் பெட்டி.
பொறி பறந்தது.
மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்,
பிறகு இன்னும் பலமாகத் தட்டினார்.
தினமும் கேட்கும் சத்தம்தான் அவளுக்கு.
கார்டு உள்ளே போய் உட்கார்ந்தது,
அளவெடுத்துக் கட்டிய பல் போல,
ஒரு முடி இடைவெளி விட்டு.

இரவு ஒன்றரை.
விளையாட்டுக்குள் அப்போதுதான் மழை ஓய்ந்திருந்தது.
நகரத்தில் எங்கோ துப்பாக்கியோடு ஒருவன்
அலைகிறான் என்று தெரியும்.
தெருமுனை மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை
குட்டையில் தலைகீழாக நடுங்கியது.
ஓடவேண்டியவள் நின்றாள்.
குனிந்தாள்.
தண்ணீரில் சிலுவை, சிலுவைக்குப் பின்னால் வானம்,
வானத்தின் ஓரத்தில் ஒரு கூரை,
கூரைமேல் ஒற்றைக் கண்ணை மூடிக்
குறி பார்ப்பவன்.
அவன் சட்டைப் பித்தான்வரை தெளிவு.
எண்ணினாள். ஐந்து.

சுட்டான்.

திரை முழுக்கச் சிவப்பு.
அன்சோர் பார்த்திருந்தால் சிரித்திருப்பான்.