பதினேழாம் எண் பாத்தி

ஒன்பது வாரம் யாரும் தொடவில்லை.
ஈசூனில், எங்கள் புளோக்குக்குப் பின்னால், கால்வாய் ஓரம்,
வெள்ளைப் பெயின்ட்டில் பதினேழு என்று எழுதிய பலகை
எங்கே என்று தேட வேண்டியிருந்தது.
செயலாளர் தியோ தன்மையான மனிதர்.
தன்மையாகவே சொன்னார்:
ஞாயிற்றுக்கிழமைக்குள் சுத்தமாகாவிட்டால்
வரிசையில் இருபத்தாறு பேர் காத்திருக்கிறார்கள், மேடம்.

இந்தச் சேற்றில் நான் கால் வைத்ததே இல்லை.
செடி இவருக்கு, அடுப்பு எனக்கு,
பத்தொன்பது வருட ஒப்பந்தம்.
தட்டில் வந்தால் எல்லாக் கீரையும் எனக்குத் தெரியும்.
மண்ணில் நிற்கும்போதோ
விசேஷ வீட்டில் தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி
எல்லாம் ஒரே முகம்.

லாலாங்கில் சந்தேகம் இல்லை,
விரலை அறுத்துத் தன்னைச் சொல்லிக்கொள்கிறது.
தொட்டாற்சுருங்கியும் அப்படியே,
கும்பிட்டுக்கொண்டே கீறும்.
மற்றதற்கெல்லாம் கைப்பேசியில் ஒரு செயலி இறக்கினேன்.
ஒரே செடியை மூன்று பக்கமிருந்து காட்ட
மூன்று பெயர் சொன்னது, மூன்றும் லத்தீன்.

மஞ்சளைப் பிடுங்கிவிட்டேன்.
வாசம் வந்த பிறகுதான் தெரிந்தது.
திரும்ப நட்டுத் தண்ணீர் விட்டேன்,
இவரிடம் சொல்லவில்லை.
பக்கத்துப் பாத்தி ரொஹானி வந்து
என் களைக்குவியலைக் கிளறி
வெற்றிலை போலிருந்த கடுக் இலையாக ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டார்.
இன்றிரவுக்கு ஆச்சு என்றார்.
நான் பாவம் செய்தேனா புண்ணியமா, விளங்கவில்லை.

சாயங்காலம் மறுவாழ்வு மையம்.
இடது கையால் படங்களை நகர்த்துகிறார்.
பெயர்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன,
வரும் வழிதான் அடைந்திருக்கிறது என்கிறார்
பேச்சுப் பயிற்சி தரும் ஹுய் மின்.
கத்தரியைக் காட்டினால் "செவ்வாய்."
பாகல் கொடிக்கு "மாமா."
தானே சிரித்தார். பிறகு சிரிப்பது நின்று
வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.

பெயர் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம்.
இருக்கட்டும் என்றால் உள்ளங்கை விரிப்பின் மேல் படியும்.
போகட்டும் என்றால் விரலால் ஒரு சுண்டு.

எல்லாம் சரியாகத்தான் போனது,
சின்னச் சின்ன இலை அடுக்கிய அந்த இரண்டு செடி வரும் வரை.
ஒன்று இவர் நட்ட சாயோர் மானிஸ் கீரை.
எது அந்த ஒன்று?
இவர் படத்தைப் பார்த்தார்,
கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்தார்.
நிமிர்த்திக் கொடுத்தேன்.
மறுபடி கவிழ்த்தார்.
மறுபடி.
பார்க்கப் பிடிக்காவிட்டால் விடுங்கள் என்று
பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.
ரயிலில் காத்திப் வரை
இவரோடு மனசுக்குள் சண்டை,
இரண்டு பேர் வசனமும் நானே பேசினேன்.

சனிக்கிழமை காலை, இன்னும் சரியாக விடியவில்லை.
குனிந்து ஒரு கிளையைப் பிடித்தபோது
கை தானாகவே புரட்டியது.
அடியில், காம்பு நெடுக,
கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை மணிகள்.
மற்றதன் அடியில் ஒன்றுமில்லை.
கீழாநெல்லி.
கீழே நெல்லி.
இத்தனை வருடம் வாயால் சொல்லிக்கொண்டு
ஒரு நாளும் கீழே பார்த்ததில்லை.
சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
ரொஹானி தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு
முதுகு பிடிப்பா என்று கேட்டார்.

ஞாயிறு பத்து மணிக்குத் தியோ வந்தார்,
பார்த்தார், தாளில் ஒரு கோடு போட்டார்.
சாயங்காலம் ஒரு கிளையைக் கிள்ளி
ஈரக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோனேன்.
இடது கட்டைவிரலால் இலையைப் புரட்டி
மணிகளை ஒவ்வொன்றாய்த் தொட்டார்.
"பஸ்" என்றார், தீர்மானமாக.
திருத்துவதற்கு ஹுய் மின் வாய் திறப்பதற்குள்
"ஆமாம்" என்றேன்.
இருக்கட்டுமா, போகட்டுமா?
கை எழும்பி, பாதியில் யோசித்து,
விரிப்பின் மேல் படிந்தது.

பலகைக்குப் பக்கத்தில், நாலங்குல உயரத்தில்,
இப்போது ஒரு பஸ் நிற்கிறது.