சென்ட்

மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில்
மூன்றாவது நகைக்கடை.
"பதினெட்டு சென்ட் ஆக்கும்" என்றார் கடைக்காரர்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
போன மாதம்தான் ஞாறான்விளையில்
பக்கத்து வீட்டுக்காரர் வழி வெட்ட
ஒரு சென்டை எழுதிக் கொடுத்தேன்.
அதில் ஒரு அயனிமரம் நின்றது.
இதில் என்ன நிற்கும்?

விரல் அளவு கேட்டார்.
பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்,
பிரின்ஸி தன் விரலில் சுற்றி
நகத்தால் கிள்ளித் தந்த
குலசேகரம் பஸ் டிக்கெட்டை.
கம்பியில் நுழைத்துப் பார்த்து
"பதிமூன்று" என்றார்.

கடை விளக்கில் எந்தக் கல்தான் மின்னாது?
வெளியே கொண்டு பார்க்கலாமா என்றேன்.
குடையோடு கூடவே வந்தார்,
என் முழங்கையை ஒட்டியபடி.
மழை. பாலத்து நிழல்.
கல் செத்தது போல் கிடந்தது.
களியக்காவிளை பஸ் ஒன்று
முகவிளக்கோடு திரும்பியது.
ஒரு சொட்டு நீலம்,
உடனே ஆரஞ்சு,
பிறகு டிரைவரின் வசவு.

"இதையே போடுங்க."

ரசீதில் பூஜ்யம் புள்ளி ஒன்று எட்டு
என்று எழுதினார்.
பத்திரத்தில் எழுத்தாலும் எழுதியிருந்தார்கள்.

பணம் எண்ணி முடித்ததும்
டிக்கெட்டைக் கேட்டேன்.
கசக்கிப் போட்டிருந்தார்.
குப்பைக்கூடையைக் கவிழ்த்து
இரண்டு பேருமாய்த் தேடினோம்,
கல்லைத் தொலைத்தவர்கள் மாதிரி.